குளுவானுக்கு நிறை உண்டா? உண்டென்றால் புரோட்டான்கள் மோதும்போது அது எங்கே தெரிகிறது?

கேள்வி, 2 பிப்ரவரி

புரோட்டானுக்குள் குவார்க்குகளை ஒட்டிவைக்கும் துகளான குளுவானுக்கு நிறை இல்லை என்றே பாடநூல்கள் அனைத்தும் சொல்கின்றன. துகள் தரவுக் குழுவின் அட்டவணையிலும் சுழி என்றே இருக்கிறது. ஆனால் புரோட்டான் சிதறலைப் பற்றிய கட்டுரைகளில் ‘இயங்குமுறையில் உருவாகும் குளுவான் நிறை, ஏறத்தாழ 400 மெகா எலக்ட்ரான் வோல்ட்’ என்று எழுதுகிறார்கள். கணக்கு முடிவிலிக்கு ஓடாமல் இருப்பதற்காகச் செருகிய ஓர் எண்ணுக்குப் பெரிய பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்பதே என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

3 பிப்ரவரி, காலை

இதே கருத்தை நானும் ஏறத்தாழ மூன்றாண்டுகள் வைத்திருந்தேன். ஆகவே மறுப்பதற்கு முன்பு அதிலுள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். குவார்க்குகளும் குளுவான்களும் சுமக்கும் ‘நிறம்’ என்ற ஊட்டத்தைப் பற்றிய கோட்பாடே குவாண்டம் நிறவியக்கவியல்; அதன் அடிப்படைச் சமன்பாட்டில் குளுவானுக்கு நிறை உறுப்பு கிடையாது. கையால் ஒன்றைச் சேர்த்தால் கேஜ் சமச்சீர்மை, அதாவது புலத்தை விவரிக்கும் முறையை இடத்துக்கு இடம் மாற்றினாலும் இயற்பியல் மாறாதிருப்பது, உடைந்துவிடும். அட்டவணையில் சுழி என்று குறிக்கப்பட்டிருப்பது அந்த நிறைதான். அதே பதிவில், சில மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை நிறை இருக்கக்கூடும் என்பதை விலக்கிவிட முடியாது என்று ஒரு சிறு குறிப்பும் உண்டு; அதைப் பெரும்பாலோர் படிப்பதில்லை.

கட்டுரைகள் பேசும் 400, 500 ஆகிய எண்கள் வேறு பொருள் கொண்டவை. நிறை என்ற சொல்லைக் கேட்டதும் தராசு நினைவுக்கு வருவதுதான் சிக்கல். குளுவான் தனித்து வெளியே வருவதில்லை. அதைப் பிடித்து எடை போட வழியில்லை. நாம் கேட்கக்கூடியது, ஓரிடத்தில் தோன்றிய குளுவான் புலம் எவ்வளவு தொலைவுக்கு எட்டுகிறது என்பதே. ஒரு குளுவான் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் செல்வதற்கான வீச்சை (இதன் இருமடியே நிகழ்தகவு) தரும் சார்பை, அதாவது புரொப்பகேட்டரை, எடுத்துக்கொள்ளுங்கள். நிறையற்ற துகளுக்கு அது உந்தத்தின் இருமடிக்குத் தலைகீழாக மாறும்; உந்தம் சுழியை நெருங்க நெருங்க வரம்பின்றி ஏறும். குளுவான்கள் தமக்குள்ளேயே வினைபுரிவதால் அந்த ஏற்றம் ஒரு கட்டத்தில் நின்று சமதளமாகிவிட்டால், சமதளம் தொடங்கும் உந்த அளவையே நாம் நிறை என்கிறோம். 500 மெகா எலக்ட்ரான் வோல்ட்டை நீளமாக மாற்றினால் ஏறத்தாழ 0.4 ஃபெர்மி, புரோட்டானின் மின்னூட்ட ஆரம் 0.84 ஃபெர்மி. அப்படியானால் குளுவான் புலத்தின் எட்டம் புரோட்டானின் ஆரத்தில் பாதியளவுதான்.

ஈயத்தை 7.2 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால் அது மீக்கடத்தியாகிறது. அதன்பின் காந்தப்புலம் சில பத்து நானோமீட்டருக்கு மேல் உள்ளே நுழைவதில்லை. ஈயத்துக்குள் ஃபோட்டான் நிறையுள்ளதைப் போல நடந்துகொள்கிறது. அதற்காக ஃபோட்டானின் நிறை சுழி என்பதை யாரும் அட்டவணையில் திருத்துவதில்லை. குளுவானுக்கு ஈயம் தேவையில்லை, வெற்றிடமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

கேஜ் சமச்சீர்மை இருந்தாலே புலத்துகள் நிறையற்றதாகத்தான் இருக்க வேண்டுமா என்று 1962இல் ஜூலியன் ஷ்விங்கர் கேட்டார். வேண்டியதில்லை என்பது அவரது விடை: வினைகளால் வரும் திருத்தத்தில், சுழி உந்தத்தில் ஒரு துருவம் (திருத்தம் முடிவிலியாகும் புள்ளி) தோன்றினால் சமச்சீர்மை உடையாமலேயே நிறை வந்துவிடும். வெளிக்கு ஒன்று, காலத்துக்கு ஒன்று என இரண்டே பரிமாணம் கொண்ட மின்னியக்கவியலில், எலக்ட்ரானுக்கு நிறை இல்லை என்று வைத்துக்கொண்டால், இதை முழுமையாகத் தீர்த்துக் காட்டலாம். அங்கே ஃபோட்டான் நிறையின் இருமடி என்பது மின்னூட்டத்தின் இருமடியைப் பையால் வகுத்த எண். நான்கு பரிமாணத்தில் குளுவானுக்கு இத்தகைய வழியை 1982இல் ஜான் கார்ன்வால் எடுத்தார். ஃபைன்மன் படங்களின் துண்டுகளைக் கேஜ் தெரிவைச் சாராதபடி மாற்றி அடுக்கி, குளுவானின் நிறம் 500, கூட்டவோ குறைக்கவோ 200, மெகா எலக்ட்ரான் வோல்ட் என்று கண்டார்.

3 பிப்ரவரி, இரவு

மேலே கடைசி வாக்கியத்தில் ‘குளுவானின் நிறம் 500’ என்று தட்டச்சு செய்திருக்கிறேன். நிறை என்று படிக்கவும். நம் மொழியில் இத்துறையைப் பற்றி எழுதுபவருக்கு இந்தப் பிழை விதிக்கப்பட்டது. நிறம் இருப்பதால்தான் நிறை வருகிறது என்பதால் பிழையிலும் கொஞ்சம் இயற்பியல் இருக்கிறது. திருத்தாமல் விட்டுவைக்கிறேன்.

5 பிப்ரவரி

இனிச் சிதறல். இரு புரோட்டான்கள் மிக உயர்ந்த ஆற்றலில் ஒன்றையொன்று லேசாக உரசிக் கடக்கும்போது, தமது அடையாளத்தை இழக்காமல் எதையோ பரிமாறிக்கொள்கின்றன. அந்த ‘எதையோ’வுக்குப் பொமரான்சுக்கின் பெயரால் பொமரான் என்று பெயர். ஒற்றைக் குளுவானைப் பரிமாறினால் புரோட்டானின் நிறநடுநிலை கெட்டுவிடும்; ஆகவே குறைந்தது இரண்டு வேண்டும். 1975இல் ஃபிரான்சிஸ் லோவும் ஷ்முவெல் நுசினோவும் தனித்தனியே இதைச் சொன்னார்கள்.

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இந்த இரு குளுவான் தொகையீட்டை ஃபோர்ட்ரானில் எழுதும் வேலை எனக்குத் தரப்பட்டது. நிறையற்ற குளுவானை வைத்தால் மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்பு, அதாவது மோதலுக்கு ஒரு புரோட்டான் காட்டும் இலக்கின் அளவு, முடிவிலிக்கு ஓடிற்று. படியளவைக் குறைக்கக் குறைக்க விடை ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு மாதம் போராடிய பிறகு உந்தத்துக்குக் கீழெல்லையாக 0.3 என்று ஓர் எண்ணைப் போட்டு, பக்கத்தில் ‘பிறகு பார்க்கலாம்’ என்று குறிப்பும் எழுதினேன். கேள்வி கேட்டவர் சொல்லும் ‘செருகிய எண்’ அதுவேதான். நிறை இல்லாவிட்டால் இரு குளுவான் கணக்கு முடிவிலியாகிறது. ஆகவே நிறை தேவை என்பதே என் முதல் வாதம்.

6 பிப்ரவரி

நேற்று எழுதிய வாதம் தவறு. இரவில் காகிதத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தபோதுதான், நினைவிலிருந்து எழுதியது இயற்பியல் அன்று, என் பழைய நிரலின் பிழை என்பது தெரிந்தது.

இரு குளுவான் வீச்சில் இரண்டு பகுதிகள் உண்டு. இரண்டு குளுவான்களும் ஒரே குவார்க்கைத் தொடுவது ஒன்று. வெவ்வேறு குவார்க்குகளைத் தொடுவது இன்னொன்று. இரண்டாவது பகுதி முதலாவதிலிருந்து கழிகிறது. நிறையற்ற குளுவானை வைத்தால் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே முடிவிலியாகும்; ஆனால் கழித்தால் எஞ்சுவது முடிவுள்ள எண். காரணம் எளிது: மிக நீண்ட அலைநீளமுள்ள குளுவானுக்கு மூன்று குவார்க்குகளும் ஒரே புள்ளியாகத் தெரிகின்றன, அந்தப் புள்ளிக்கோ நிறமே இல்லை. நான் அந்த ஆண்டு முதல் பகுதியை மட்டுமே நிரலில் எழுதியிருந்தேன். என் வழிகாட்டி முடிவுகளைப் பார்த்துவிட்டு, “உன் புரோட்டானுக்கு நிறம் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டார். எனக்கு அது விளங்குவதற்கு இரண்டு நாள் ஆயிற்று.

ஆகவே முன்னோக்கிய திசையில் பரப்பு முடிவுள்ளதே. முடிவிலியாவது வேறொன்று: கைமாறும் உந்தம் சுழியாகும் இடத்தில் வீச்சின் சரிவு. மீள்சிதறலின் (புரோட்டான்கள் உடையாமல் திசை மட்டும் மாறுவதன்) பரவல் அந்த இடத்தில் எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்பதை ஆய்வகத்தில் அளந்திருக்கிறார்கள், அது சாதாரணமான எண். நிறையற்ற இரு குளுவான்கள் அங்கே மடக்கை முடிவிலியைத் தருகின்றன. நோய் அங்கேதான் இருக்கிறது.

9 பிப்ரவரி

சரிவு மட்டும் அன்று. இதைவிட எனக்கு மனநிறைவு தரும் சான்று குவார்க் எண்ணிக்கை விதி. பையான் என்ற இலேசான துகளில் இரண்டு குவார்க் (ஒன்று எதிர்க்குவார்க்), புரோட்டானில் மூன்று. ஆகவே பையான்–புரோட்டான் பரப்பு புரோட்டான்–புரோட்டான் பரப்பில் மூன்றில் இரண்டாக இருக்க வேண்டும் என்பது அந்த எளிய விதி. 1992இல் டொன்னாக்கியும் லான்ட்ஷாஃபும் தரவுகளுக்குப் பொருத்திய வாய்பாட்டில் பொமரானின் குணகம் பையானுக்கு 13.63 மில்லிபார்ன் (பரப்பின் அலகு), புரோட்டானுக்கு 21.70 மில்லிபார்ன். விகிதம் 0.63. பொமரான் ஒவ்வொரு குவார்க்கையும் தனித்தனியே, ஏறத்தாழ ஒரு ஃபோட்டானைப் போல, தொடுகிறது.

இங்கேதான் நிறையற்ற குளுவான் தடுமாறுகிறது. எட்டம் முடிவற்றதாக இருந்தால், ஒரு குளுவான் ஒரு குவார்க்கையும் மற்றது அடுத்த குவார்க்கையும் தொடுவதற்குத் தடையே இல்லை. கழிக்கும் பகுதி பெரிதாகி, பரப்பு குவார்க்குகளின் எண்ணிக்கையைப் பின்பற்றாமல் ஹாட்ரானின், அதாவது குவார்க்குகளாலான துகளின், பருமனைப் பின்பற்றத் தொடங்கிவிடும். எட்டம் புரோட்டானைவிடச் சிறியதாக இருந்தால் இரண்டு குளுவான்களும் ஒரே குவார்க்கில்தான் பெரும்பாலும் விழும். 1987இல் லான்ட்ஷாஃபும் நாக்ட்மானும் இதைத் தெளிவாக எழுதினார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு குறுகிய தொடர்புநீளம் (குளுவான் புலம் ஓரிடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் தொடர்போடு இருக்கும் தொலைவு) மட்டுமே, அது எங்கிருந்து வருகிறது என்பது அன்று. 1993இல் ஹால்சன், கிரெயின், நத்தாலே ஆகிய மூவரும் அந்த இடத்தில் கார்ன்வாலின் புரொப்பகேட்டரை வைத்தார்கள். தரவுக்குப் பொருந்த நிறை ஏறத்தாழ 370 மெகா எலக்ட்ரான் வோல்ட் தேவைப்பட்டது. (இந்த ஹால்சன்தான் பின்னாளில் அன்டார்க்டிகாவின் பனிக்குள் நியூட்ரினோ உணரிகளைப் புதைத்த ஐஸ்கியூப் திட்டத்தை நடத்தியவர்.)

கவனியுங்கள்: குளுவானின் தன்னியக்கத்தைப் பற்றிய ஒரு கணக்கிலிருந்து 500 சுற்றி ஓர் எண் வந்தது, பதினோராண்டு கழித்து, தொடர்பில்லாத சிதறல் தரவிலிருந்து அந்தப் பிழை எல்லைக்குள்ளேயே இன்னோர் எண் வந்தது. செருகிய எண் இப்படி நடந்துகொள்ளாது.

10 பிப்ரவரி

ஒருவர் தனிச்செய்தியில் கேட்கிறார்: 370, 400, 500, அத்துடன் 1980இல் பாரிசியும் பெட்ரோன்சியோவும் ஜே-சை என்ற கனத்த துகளின் சிதைவிலிருந்து எடுத்த 800, இவற்றில் எது? ‘எல்லாம்’ என்று சொன்னால் தப்பிப்பதுபோல இருக்கும். ஆனால் இந்த நிறை உந்தத்தோடு மாறுவது. எந்த உந்தத்தில், எந்த வரையறையில் என்று சொல்லாமல் ஒற்றை எண்ணைக் கேட்பது, வெப்பநிலையைச் சொல்லாமல் நீரின் பாகுநிலையைக் கேட்பதற்கு ஒப்பானது.

நேற்றைய கடைசிப் பத்தியில் குரலைக் கொஞ்சம் உயர்த்திவிட்டேன் என்றும் தோன்றுகிறது. கையால் ஒரு சிறு கணக்கு. லான்ட்ஷாஃப்–நாக்ட்மான் தொகையீட்டில் நிறையையும் வலுப்பிணைப்பையும் (குளுவான் குவார்க்கைப் பற்றும் வலிமையை) சுழி உந்தத்து மதிப்பிலேயே உறைய வைத்தால், குவார்க்–பொமரான் பிணைப்பின் இருமடி என்பது பையை நான்கால் பெருக்கி ஒன்பதால் வகுத்து, வலுப்பிணைப்பின் இருமடியால் பெருக்கி, நிறையின் இருமடியால் வகுத்த எண். தரவு கேட்பது ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டின் தலைகீழ் இருமடி அலகில் ஏறத்தாழ 4. கார்ன்வாலின் வாய்பாட்டில் நிறை 400, நிறவியக்கவியலின் அளவுகோல் (வினை வலுவாகும் ஆற்றல்) 300, மூன்று வகைக் குவார்க் என்று வைத்தால் உறைந்த வலுப்பிணைப்பு 0.71, அதிலிருந்து விடை 4.4. நிறையை 500 ஆக்கினால் பிணைப்பு 0.58, விடை 1.9. நிறையை 400இலேயே விட்டு அளவுகோலை 250 ஆகக் குறைத்தால் விடை 3.1. நிறைக்கு ஏற்ப விடை கூர்மையாக மாறுவது நல்லதுதான். அளவுகோலுக்கு ஏற்பவும் மாறுகிறது என்பது அவ்வளவு நல்லதில்லை. ஒரு கைப்பிடியைத் திருகினால் இன்னொன்றும் சேர்ந்து அசைகிறது.

11 பிப்ரவரி

‘ஹிக்ஸ் முறையில் நிறை தந்துவிட்டால் தொல்லை இல்லையே’ என்ற குறிப்புக்கு (ஹிக்ஸ் முறை என்பது கூடுதல் புலம் ஒன்று சமச்சீர்மையை உடைத்து நிறை தருவது): அந்த வழியில் நடந்தவர்கள் உண்டு. பதியும் சலாமும் முழுஎண் மின்னூட்டமுள்ள குவார்க்குகளை முன்வைத்த காலத்தில், நிறச் சமச்சீர்மையே உடைந்து குளுவான்களுக்கு நிறை வருவதாக ஒரு பாதை இருந்தது; பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜி. ராஜசேகரனும் புரோபீர் ராயும் 1975இல் அந்தப் பாதையில் எழுதியிருக்கிறார்கள். அங்கே குளுவான்களில் சில மின்னூட்டம் உடையவை. இங்கே பேசும் நிறை அப்படிப்பட்டதன்று: சமச்சீர்மை முழுதாக இருக்கிறது, கூடுதல் துகள் ஏதும் தோன்றுவதில்லை, உயர் உந்தத்தில் நிறை தானே கரைந்துவிடுகிறது. கரைவதால்தான் ஆழ்சிதறலில் (எலக்ட்ரானை மிகுந்த உந்தத்தோடு புரோட்டானுக்குள் மோதவிடுவதில்) குளுவானை நிறையற்றதாக வைத்துப் போடும் கணக்குகள் சரியாக வருகின்றன.

14 பிப்ரவரி

ஆற்றல் ஏறும்போது என்ன ஆகிறது என்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், ஏனென்றால் எளிய இரு குளுவான் படத்தில் ஒன்றும் ஆவதில்லை: பரப்பு மாறாமல் இருக்கும். ஆய்வகமோ வேறு சொல்கிறது. 1970களின் தொடக்கத்தில் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்து ஐ.எஸ்.ஆர் மோதுவளையத்தில் பரப்பு ஏறுவது தெரிந்தது. 62 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டில் ஏறத்தாழ 43 மில்லிபார்ன். அதே ஆய்வகத்தின் எல்.எச்.சி மோதுவளையத்தின் 7 டெரா எலக்ட்ரான் வோல்ட்டில் டோட்டெம் குழு 98 என்று அளந்தது. டொன்னாக்கி–லான்ட்ஷாஃப் வாய்பாட்டில் போட்டால் அங்கே 91தான் வருகிறது. 13 டெரா எலக்ட்ரான் வோல்ட்டில் டோட்டெம் 110.6 என்றும் அட்லஸ் 104.7 என்றும் சொல்கின்றன. இரு குழுக்கள் ஒத்துப்போகாதது புதிதன்று, அமெரிக்காவின் டெவட்ரான் முடுக்கியின் 1.8 டெரா எலக்ட்ரான் வோல்ட்டிலும் ஒரு குழு 72.8, இன்னொரு குழு 80.

ஏற்றத்துக்குக் காரணம், ஆற்றல் கூடக்கூட புரோட்டானுக்குள் சிறு பங்கு உந்தம் சுமக்கும் குளுவான்கள் பெருகுவது. இரு குளுவான்கள் மோதும் பரப்பைச் சேர்த்துக்கொண்டே போனால் ஏற்றம் வருகிறது. ஆனால் சிறு உந்த மாற்றத்தில் அந்தப் பரப்பு வெடிப்பதால், 1 அல்லது 2 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே கணக்கிடுவதில்லை என்று ஒரு வெட்டு வைப்பார்கள். வெட்டை நகர்த்தினால் விடையும் நகரும். 2005இல் லூனா, மார்ட்டினி, மெனன், மிஹாரா, நத்தாலே ஆகியோர் வெட்டுக்குப் பதிலாக இயங்குநிறையை வைத்தார்கள். (மெனன் என்றதும் கேரளம் நினைவுக்கு வரும், இவர் பிரேசில் இயற்பியலர், காம்பினாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்.) நிறையுள்ள புரொப்பகேட்டரும் உறைந்த பிணைப்பும் வெடிப்பைத் தாமே அடக்கின, தரவுக்குப் பொருந்திய நிறை ஏறத்தாழ 400.

கேள்வி கேட்டவர் இங்கே ‘இதுவும் பொருத்தம்தானே’ என்பார். ஆம். ஆனால் வெட்டு ஒவ்வொரு ஆய்வாளருக்கும் வேறு. இந்த எண்ணை வேறோர் இடத்திலிருந்து சரிபார்க்க முடியும்.

15 பிப்ரவரி

நேற்று எழுதியதைப் படிப்பவர் ‘நிறைதான் ஏற்றத்தைக் கட்டுப்படுத்துகிறது’ என்று எடுத்துக்கொள்ளக்கூடும். பல ஆண்டுகள் நானே அப்படித்தான் வகுப்பில் சொல்லிவந்தேன். 2014இல் லெவின், லிபட்டோவ், சிடிகோவ் மூவரும் நிறையுள்ள குளுவான்களை வைத்துக் குளுவான் ஏணிச் சமன்பாட்டை (ஏணிப் படிகளாக அடுக்கிய பல குளுவான்களின் பரிமாற்றத்தைக் கூட்டுவது) தீர்த்தார்கள். ஆற்றலோடு ஏறும் வேகம் நிறையற்ற நிலையில் இருந்த அதே வேகமாகவே இருந்தது. மாறியது விளிம்பு. நிறை இல்லாவிட்டால், மோதும் துகள்களின் மையங்களுக்கு இடையிலான தொலைவு கூடும்போது வீச்சு மெதுவாக, அடுக்கு விதியில் தேய்கிறது. ஆற்றல் ஏறும்போது, மோதலில் தட்டாகத் தெரியும் புரோட்டானின் ஆரம் கட்டுக்கடங்காமல் விரியும். நிறை இருந்தால் வீச்சு அடுக்குக்குறிச் சார்பாகத் தேய்கிறது. தட்டின் ஆரம் ஆற்றலின் மடக்கையைப் போலவும், பரப்பு மடக்கையின் இருமடியைப் போலவும் மட்டுமே வளர முடிகிறது. 1961இல் ஃபுருவாசார் பொதுவான வாதங்களிலிருந்து நிறுவிய உச்சவரம்பும் அதுவே.

அந்த வரம்பில் வருவது பையானின் நிறை. குணகம் ஏறத்தாழ 60 மில்லிபார்ன். தரவில் மடக்கை இருமடியின் குணகம் 0.3 மில்லிபார்னுக்கும் குறைவு. இருநூறு மடங்கு இடைவெளி! தரவின் எண்ணை அதே வடிவில் எழுதினால் உள்ளே உட்காரும் நிறை ஏறத்தாழ 2.1 ஜிகா எலக்ட்ரான் வோல்ட். கணினியில் போடும் லாட்டிஸ் கணக்குகளில், குளுவான்கள் மட்டுமே சேர்ந்த மிக இலேசான குளுவான் உருண்டையின் நிறை 1.7 சுற்றி இருக்கிறது. குளுவான் நிறைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று எழுதக் கை துறுதுறுக்கிறது, எழுதமாட்டேன். பையானின் பங்கு விளிம்பில் எங்கே மறைந்தது என்பதை விளக்காமல் அதை எழுதுவது நேர்மையாகாது.

22 பிப்ரவரி

ஒரு வாரம் எழுதவில்லை. ‘வேறோர் இடத்திலிருந்து சரிபார்க்க முடியும்’ என்று 14ஆம் தேதி சொன்னதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். அந்த இடம் லாட்டிஸ்: காலவெளியைப் புள்ளிக்கட்டமாக்கி, சமன்பாட்டை நேரே கணினியில் போடுவது. 1979இல் மண்டெல்ஸ்டாம், குளுவான் புரொப்பகேட்டர் சிறு உந்தத்தில் முன்னினும் கடுமையாக வெடிக்கும் என்று கருதினார். 1990களின் இறுதியில், அது சுழிக்கு இறங்கும் என்று வேறொரு தீர்வு செல்வாக்குப் பெற்றது. 2007இல் ரேகன்ஸ்பூர்க் நகரில் நடந்த லாட்டிஸ் மாநாட்டில் பெரிய கட்டங்களின் முடிவுகள் வெளிவந்தன. குக்கியேரியும் மென்டெஸும் எடுத்த கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 27 ஃபெர்மி. புரொப்பகேட்டர் வெடிக்கவும் இல்லை, சுழிக்கு இறங்கவும் இல்லை. முடிவுள்ள மதிப்பில் சமதளமாக நின்றது. அடுத்த ஆண்டே அகிலார், பினோசி, பப்பவசிலியு மூவரும் அதைச் சமன்பாடுகளிலிருந்து வருவித்தார்கள்.

ஆகவே என் நிலைப்பாடு தொடக்கத்தில் இருந்ததிலிருந்து நகர்ந்திருக்கிறது. குளுவான் நிறையைச் சிதறல் தரவு நிறுவியது என்று நான் இனிச் சொல்ல மாட்டேன். குறுகிய எட்டம் வேண்டும் என்பதை மட்டுமே அது சொன்னது, நாக்ட்மானின் தொடர்புநீளமும் அதே வேலையைச் செய்திருக்கும். நிறுவியது லாட்டிஸ். அந்த வடிவத்தை எடுத்துவந்து சிதறலில் வைத்தால் சரிவும் குவார்க் எண்ணிக்கையும் ஒழுங்காக வருகின்றன; மேல்நோக்கிய ஏற்றத்துக்கு அது போதவில்லை, அங்கே புரோட்டானுக்குள்ளிருக்கும் குளுவான்களின் பரவலை இன்னும் பொருத்தித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

23 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் ‘செருகிய எண்’ என்பதைத் திரும்பப் பெறுவதாகவும் ‘பெரிய பெயர்’ என்பதைப் பெறாததாகவும் எழுதியிருக்கிறார். நியாயம். என் வகுப்பில் இனி, குளுவான் புலம் தேய்ந்து மறையும் தொலைவு என்ற பொருளில், தேய்வுநீளம் என்றே சொல்லப்போகிறேன். நிறம், நிறை தட்டச்சுப் பிழைக்கும் அது மருந்தாகும்.

பழைய ஃபோர்ட்ரான் கோப்பு நேற்று ஒரு குறுந்தகட்டில் கிடைத்தது. இப்போதைய தொகுப்பி இரண்டு எச்சரிக்கைகளோடு அதை ஏற்றுக்கொண்டது. 0.3 இருந்த வரியை எடுத்துவிட்டு, இரண்டாவது பகுதியையும் நிறையுள்ள புரொப்பகேட்டரையும் எழுதி ஓடவிட்டேன். படியளவை எவ்வளவு குறைத்தாலும் விடை அசையவில்லை. பையானுக்கு அலைச்சார்பு எழுதும் வேலை பாக்கி இருக்கிறது. அது முடிந்தால் 0.63 வருகிறதா என்று இங்கேயே எழுதுகிறேன்.